எட்டு மணி நேரக் காடு

ஒரு பறவை என்னால் செத்தது. அதையாவது ஒருவழியாகச் சொல்லிவிடலாம். அது செத்ததற்கு வேறொருவர் மேல் பழி போட்டேன். பழி பொய் என்று தெரிந்த பிறகும் பல மாதம் வாயைத் திறக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்த இரண்டாவது பகுதியில் கை நின்றுவிடுகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறேன். சொந்த வீடு. மாடியில் நானும் மனைவியும் இருக்கிறோம், கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரே மகள். அவள் கல்லூரிக் கடைசி வருடத்தில் காக்கட்டீல் என்கிற சின்னக் கிளி ஜாதிப் பறவைகள் நான்கை வாங்கி வந்தாள். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. இரண்டு ஆண், இரண்டு பெண். போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சொல்லி ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு செய்து பால்கனியில் வைத்துக் கொடுத்தேன். மகள் காலையில் கூண்டைத் திறந்துவிடுவாள். நான்கும் அவள் தோளிலும் தலையிலும் உட்கார்ந்துகொண்டு அவளோடு சேர்ந்து சத்தம் போடும்.

அவள் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனதும் பால்கனி அடங்கிப்போனது. நானும் மனைவியும் தினையும் தண்ணீரும் வைத்தோம், கூண்டைக் கழுவினோம். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மூன்று மாதத்தில் ஒரு பெண் பறவை தன் நெஞ்சு இறகைத் தானே பிய்க்க ஆரம்பித்தது. தோல் சிவந்து தெரிந்தது. கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். ஆடு மாடு பார்க்கிறவர். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நோவு ஒண்ணுமில்லீங்க சார். பொழுது போகலை அதுக்கு" என்றார்.

அன்று தொடங்கியது என் ஆராய்ச்சி. கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு விஷயம் மனசில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. நமக்கு அமைதி என்றால் நிம்மதி. பறவைக்கு அப்படியில்லை. காட்டில் எல்லாச் சத்தமும் சட்டென்று நின்றால் பக்கத்தில் ஆபத்து வந்திருக்கிறது என்று பொருள். ஆகவே சத்தமில்லாத வீட்டில் வளரும் பறவை நாள் முழுக்க ஒரு பயத்தோடேயே உட்கார்ந்திருக்கலாம். அதற்கு மற்றப் பறவைகளின் குரலைக் கேட்கக் கொடுக்க வேண்டும். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்.

படித்த மறுநாள் விடியலில் போனை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். ஒரு மணி நேரம் அசையாமல் நின்று பதிவு செய்தேன். மைனா, சின்னான், தேன்சிட்டு, எங்கோ ஒரு குக்குறுவான். வீட்டுக்கு வந்து, நாய் குரைத்ததையும் லாரி ஹாரனையும் வெட்டி எடுத்தேன். மிச்சம் இருபது நிமிடம் தேறியது. ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு மெமரி கார்டு, நேரம் பார்த்து ஓடவும் நிற்கவும் ஒரு டைமர் சர்க்யூட். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடக்கிக் கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினேன்.

முதல் நாள் காலை பெட்டி ஓடியபோது நான்கும் அசையாமல் நின்றன. கொண்டை நிமிர்ந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டன. நான்காம் நாள் ஓர் ஆண் பறவை பதில் சொல்ல ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் அது குக்குறுவானின் "டொக் டொக் டொக்" என்பதைத் தன் விசில் குரலில் அரைகுறையாகச் சொல்லிப் பார்த்தது. நெஞ்சைப் பிய்த்துக்கொண்ட பறவை தண்ணீர்த் தட்டில் இறங்கிக் குளித்தது. ஒரு மாதத்தில் அதன் நெஞ்சில் புது இறகு முளைத்தது. இதில் பொய் எதுவும் இல்லை. அந்த இருபது நிமிடமும் நான் கூண்டின் முன்னால் காபியோடு உட்கார்ந்து அவற்றின் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் குரலுக்கு எது திரும்புகிறது என்று எனக்குத் தெரியும். வேலை செய்தது பெட்டியா, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததா என்று அப்போது யோசிக்கவில்லை. பெட்டி என்றே நினைத்தேன். பெட்டியைச் செய்தவன் நான் அல்லவா.

பெருமை வந்துவிட்டது. கல்லூரி ஆசிரியர் அறையில் வீடியோ போட்டுக் காட்டினேன். வந்த விருந்தாளிகளையெல்லாம் பால்கனிக்குக் கூட்டிப்போனேன். "சவுண்ட்லயே குணப்படுத்திட்டாருங்க" என்று மனைவி சொல்லும்போது சும்மா தலையாட்டிக்கொண்டு நிற்பேன்.

அந்த நேரத்தில் பெங்களூரில் மகள் வீடு வாங்கினாள். புதுமனை புகுவிழாவுக்கு ஒரு வாரம் போக வேண்டும். பறவைகளைப் பார்த்துக்கொள்ளக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் சொன்னோம்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் போர்வெல் ரிக்கில் டிரில்லர். வண்டியோடு வடக்கே போனால் எட்டு மாதம், ஒன்பது மாதம் கழித்துத்தான் வருவார். இவர் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். காலை முதல் பொழுது சாயும் வரை மெஷின் சத்தம் கேட்கும். அதிகம் பேச மாட்டார். நான்கு வருடமாக இருந்தார், ஒரு சச்சரவு கிடையாது.

"ரெண்டு வேளை தீனி, தண்ணி. அவ்வளவுதான் அம்மிணி. கூண்டைத் திறக்க வேண்டாம்" என்றேன்.

"சரிங்க சார். அந்தப் பொட்டி?"

"அது தானா ஓடும், தானா நிக்கும். அதை மட்டும் தொட்றாதீங்க. உள்ள கரண்ட் இருக்குது."

கரண்ட் இருந்தது என்னவோ நிஜம், ஆனால் ஆளை அடிக்கிற அளவுக்கு இல்லை. தெரியாதவர் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாதே என்று அப்படிச் சொன்னேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு காரியம் செய்தேன். நாங்கள் இல்லாத வாரத்தில் பறவைகளுக்கு இருபது நிமிடம் போதாது என்று தோன்றியது. இணையத்தில் தேடினேன். காட்டுப் பறவைகளின் குரல், எட்டு மணி நேரம் என்று ஒன்று கிடைத்தது. முதல் இரண்டு நிமிடம் கேட்டேன். அருமையான பதிவு. ஓடை ஓடுகிறது, தூரத்தில் குயில். இறக்கி மெமரி கார்டில் போட்டேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நான்குக்கு நிற்கும்படி டைமரை மாற்றினேன். மிச்சத்தைக் கேட்கவில்லை. எட்டு மணி நேரத்தை யார் உட்கார்ந்து கேட்பது?

பெங்களூர் போன இரண்டாம் நாள் முற்பகல் அவர் போன் செய்தார். மகளின் கூடத்தில் சம்பந்தி வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், பொட்டி ஓடறப்ப குருவியெல்லாம் அடிச்சுக்குதுங்க. மேல கீழ பறந்து கம்பில மோதுதுங்க. நிறுத்திரட்டுங்களா?"

"அது பயமில்லம்மா, சந்தோசம். வெளையாடுது. புதுச் சத்தம்ல, அப்படித்தான் இருக்கும்."

"இல்லீங்க சார், பாத்தா சந்தோசமாட்டம் இல்லீங்க."

"நீங்க தீனி மட்டும் வைங்க. பெட்டியைத் தொட வேண்டாம்."

போனை வைத்துவிட்டுச் சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தேன். "பாவம், வெவரம் தெரியாது" என்றேன். அவரும் சிரித்தார். பிறகு அரை மணி நேரம் பறவைகளின் மனநிலை பற்றி அவருக்கு விளக்கினேன்.

நான்காம் நாள் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நாற்பது விநாடி என்று காட்டியது. அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன். கேட்கவில்லை.

ஆறாம் நாள் மதியம் என் மனைவிக்கு அழைப்பு வந்தது. ஒரு குருவி செத்துவிட்டது, இன்னொன்றுக்கு இறக்கையில் ரத்தம்.

மறுநாள் கிளம்பி வீடு வந்து சேர்ந்தபோது மாலை ஐந்து மணி, பெட்டி நான்குக்கே நின்றிருந்தது. அவர் மாடியில்தான் இருந்தார். செத்த பறவையை ரவிக்கைக்கு வைக்கும் லைனிங் துணியில் சுற்றி ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். விரித்துப் பார்த்தேன். குக்குறுவான் போலச் சொல்லிப் பழகிய ஆண் பறவை அது. கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. ஒரு பெண் பறவையின் இறக்கையில் மஞ்சள் அப்பிக் காய்ந்திருந்தது. ரத்தம் நிற்க அவர் வைத்தது. மற்ற இரண்டும் கூண்டின் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

மனைவி மகளை வீடியோவில் கூப்பிட்டு அட்டைப்பெட்டியைக் காட்டினாள். மகள் அழுதாள். அவள் அழுவதைக் கேட்டதும் எனக்கு யாரையாவது கேள்வி கேட்க வேண்டும் போல ஆகிவிட்டது.

"பால்கனிக் கதவை மூடி வச்சீங்களா?" என்றேன்.

"மூடித்தானுங்க சார் வச்சேன்."

"அப்புறம் எப்படி இவ்வளவு மெரண்டுச்சு? பூனை வந்திருக்கணும். கதவைத் திறந்து போட்டுட்டுக் கீழ போயிட்டீங்களா?"

"பூனை வரலீங்க. அந்தப் பொட்டியில—"

"பெட்டியை விடுங்கம்மா. பெட்டி எப்படிக் குருவியைக் கொல்லும்?"

போனில் மகள் குரல் வந்தது. "அக்கா, நாலே நாலு பறவை. ஒரு வாரம். கொஞ்சம் பொறுப்பா பாத்துக்கிட்டிருந்தா என்னக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூண்டைப் பார்த்தேன். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கதவு, பூனை என்று நான் பேசிக்கொண்டிருந்தபோதே எனக்குள் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. அன்று சாயங்காலமே பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். சந்தேகமே இல்லாதவன் எதற்குக் கழற்றுகிறான்? இன்னொன்றும் உண்டு. கீழ்வீட்டில் எங்கள் சொந்தக்காரரோ, என்னோடு வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரோ குடியிருந்திருந்தால் அந்தத் தொனியில் பேசியிருப்பேனா? மாட்டேன். முதல் போனிலேயே பெட்டியை நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். பெட்டியை எடுத்து மாட்டி ஓடவிட்டேன். கூண்டின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஓடை, குயில், ஏதேதோ சின்னக் குருவிகள். மூன்று பறவைகளும் சும்மா இருந்தன. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அரை மணி நேரம் போயிருக்கும்.

அப்போது வந்தது அந்தக் குரல். கூர்மையாக, இரண்டு அசையாக. "கிக்-கீ! கிக்-கீ!" ஏரிக்கரையில் நானே கேட்டிருக்கிறேன். வல்லூறு. கோழிக்குஞ்சு தூக்குகிற ஜாதி. அதைத் தொடர்ந்து அந்தப் பதிவில் இருந்த மற்றப் பறவைகள் எல்லாம் கூச்சல் போட்டன. பிறகு ஒரே அமைதி. ஓடைகூடக் கேட்கவில்லை.

கூண்டுக்குள் மூன்றும் ஒரே நேரத்தில் எழும்பின. கம்பியில் மோதி விழுந்து மறுபடி எழும்பின. அடிபட்ட இறக்கைக்காரி ஒரு பக்கமாகச் சுழன்று தரையில் விழுந்தாள். நான் பாய்ந்து பெட்டியை நிறுத்தினேன்.

கீழே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

அந்தக் குரல் அவருக்கும் கேட்டிருக்கிறது. நான் போட்டுப் பார்த்தேன் என்பதும், எதற்காகச் சட்டென்று நிறுத்தினேன் என்பதும் அவருக்குப் புரிந்திருக்கும். மேலே வருவார் என்று நின்றேன். வந்தால் நான் சொல்லிவிடுவேன் என்றுகூட நினைத்தேன். அவர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. பன்னிரண்டு படிதான். நான் இறங்கவில்லை.

அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டு ஆராய்ந்தேன். எட்டு மணி நேரமெல்லாம் இல்லை. ஒரே நாற்பது நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டி நீட்டியிருந்தார்கள். அதாவது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. ஒளிய இடமில்லாத கூண்டில், ஏழு நாள்.

பிறகு போனை எடுத்தேன். அவர் அனுப்பிய அந்த நாற்பது விநாடி அப்படியே இருந்தது. போட்டேன். முதலில் ஓடைச் சத்தம். அதன் மேல் அவர் குரல், தணிந்து. "சார், இப்ப கேளுங்க. இப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க, கீக்குன்னு. அதுக்கப்பறந்தான் அடிச்சுக்குதுங்க. பருந்துச் சத்தமாட்டம் இருக்குதுங்க சார். இந்தா, வருது." பிறகு வல்லூறு. பிறகு இறக்கைகள் கம்பியில் அடிபடும் சத்தம். "நிறுத்தச் சொல்லுங்க சார்" என்பதோடு முடிந்தது.

இரண்டு டிகிரி வாங்கிய நான் கண்டுபிடிக்காததை அவர் நான்காம் நாளே கண்டுபிடித்து, சாட்சியோடு எனக்கு அனுப்பியிருந்தார். பறவை அப்போது உயிரோடு இருந்தது.

போட்டு முடித்ததும் திரையில் அந்தச் சின்ன மைக் படம் நீலமாக மாறியது. நான் கேட்டுவிட்டேன் என்று அவர் போனிலும் இனி நீலமாகத் தெரியும். அதைப் பார்த்ததும் பறவைக்காக அல்ல, எனக்காகத்தான் முதலில் பயந்தேன். அந்த நீலத்தை எப்படி அழிப்பது என்று யோசித்தேன். அதுதான் நடந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் கீழ்வீட்டில் இருந்தார். படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுவார். நான் போனைப் பார்த்துக்கொண்டே கடந்து போவேன். என் மனைவிக்கு உண்மை தெரியாது. பால் வாங்கும் இடத்தில், கோயிலில், தெருவில் அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். குருவியைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை, கதவைத் திறந்து போட்டுவிட்டாள் என்று. நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

அவர் கணவர் லீவில் வந்தார். வீட்டைக் காலி செய்கிறோம், சேலம் சூரமங்கலத்தில் மனைவியின் அக்கா இருக்கிறார், அங்கே போகிறோம் என்றார். காரணம் சொல்லவில்லை. சாமான் ஏற்றிய வண்டி நிற்க, அவர் மாடியேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு வருசம் நான் ஊர்ல இல்லாதப்ப எங்க ஊட்டுக்குத் தொணையா இருந்தீங்க. வாரேனுங்க சார்" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது. தன் கணவனிடம்கூட அவர் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த மனிதரின் கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது. "நல்லா இருங்க" என்றேன். அவர் மனைவி வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழெட்டு மாதம் போனது. மகள் ஒரு வாரம் தங்க வந்தாள். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே யாரோ தோழியோடு போனில் பேசினாள். அந்தத் தோழியும் பறவை வளர்க்கிறாள் போல. "வாடகைக்கு இருக்கறவங்களை நம்பி மட்டும் விட்டுட்டுப் போயிடாதே. எங்க வீட்ல ஒருத்தங்க கதவைத் திறந்து போட்டே ஒண்ணைக் கொன்னுட்டாங்க" என்றாள்.

அந்தச் சொல் எங்கள் தெருவைத் தாண்டி, எனக்குத் தெரியாத ஓர் ஊருக்கு, எனக்குத் தெரியாத ஒருத்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மகள் போனை வைத்ததும், "கதவு மூடித்தான் இருந்துச்சு" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வல்லூறு, எட்டு மணி நேரம், அவருடைய போன்கள், மெசேஜ், ஞாயிற்றுக்கிழமை. சொல்லும்போது என்னை அறியாமலே கொஞ்சம் மழுப்பினேன். "பின்னாடிதான் தெரிஞ்சுது" என்றேன்.

"எத்தனை நாள் பின்னாடி?" என்றாள் மகள்.

"பத்து நாள்."

"அப்ப அவங்க கீழதான் இருந்தாங்க."

"ஆமா."

"நான் அவங்களைத் திட்டினேம்பா. என் வாயால திட்டினேன். நீங்க பக்கத்துல நின்னீங்க."

மனைவி கையிலிருந்த கரண்டியைச் சட்னிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ராத்திரி சாப்பாடு வைக்கும்போது, "ஊரெல்லாம் சொன்னது நானுங்க" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை சேலம் பஸ் ஏறினேன். மகள் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் எதிரில் மன்னிப்புக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இறங்கி, ரயில்வே குடியிருப்பைத் தாண்டிப் போனால் ஒரு சந்து. வாசலில் ரவிக்கை தைத்துத் தரப்படும் என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க சார். வீட்ல அக்கா நல்லா இருக்காங்களா?"

தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னேன். வரும் வழியெல்லாம் மனசுக்குள் கோர்த்துவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "தப்பு என்னுது அம்மிணி. பெட்டிதான் காரணம். எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

"தெரியுமுங்க சார்" என்றார். "நீங்க அன்னைக்குப் போட்டுப் பாத்தீங்கல்லங்க. கீழ கேட்டுச்சு."

"கேட்டதும் எறங்கி வந்து சொல்லியிருக்கணும்."

"ஆமாங்க. அன்னைக்கு வருவீங்கன்னுதான் மெஷினை நிறுத்தீட்டு உக்காந்திருந்தேன்."

அவர் மடியில் இருந்த துணியை மடித்துக்கொண்டே பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"கரண்ட்டுன்னு சொன்னீங்களா, அதனால பொட்டி மேல கை வைக்கப் பயமுங்க. ஒரு போர்வையைப் போட்டு மூடிப் பாத்தேன், அப்பவும் கேட்டுது. நான் பக்கத்துல உக்காந்திருந்தா மட்டும் கொஞ்சம் அடங்குச்சுங்க. அதனால கையில தைக்கற வேலையெல்லாம் மேல எடுத்துட்டு வந்துட்டேன். நாலு நாளா பகல் பூரா அங்கதானுங்க சார் இருந்தேன், வெயில்ல. அந்தச் சத்தம் வர்றதுக்கு முந்தியே தெரிஞ்சுக்குவேன், குயிலு ரெண்டு தடவை கூவும். அப்பக் கூண்டுகிட்டப் போயிப் பேசிட்டே நிப்பேன். அன்னைக்கு ஒரு கஸ்டமர் அம்மா கீழ வந்து கூப்பிட்டாங்க. அளவு எடுத்துக் குடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆகிப்போச்சு."

ஒரு பறவைக்கு என்னென்ன தேவை என்று படித்துத் தெரிந்துகொண்டு, மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டு மாடியில் அதை நிஜமாகச் செய்துகொண்டிருந்தவரைத்தான் பொறுப்பில்லை என்று துரத்தியிருக்கிறேன்.

"எறக்கை அடிபட்டது எப்படீங்க இருக்குது?" என்றார்.

"பறக்காது. கம்பியைப் பிடிச்சு ஏறிக்குது. நல்லா தின்னுது."

"அது போதுமுங்க."

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க சார் ஆகும், எனக்குத்தான் தெரியுமே. அந்தத் தெருவுல சொல்லுங்க. துணி குடுத்துட்டிருந்தவங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. குருவியவே பாத்துக்காதவகிட்ட பட்டுத் துணியை எப்படிக் குடுக்கறதுன்னு ஒரு அம்மா மூஞ்சிக்கு நேராவே கேட்டாங்க. அதுக்கப்பறந்தான் இங்க வந்துட்டோம்."

பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்றார். எழுந்தேன்.

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனேன். மனைவியும் வந்தாள். வாசலில் நின்று, "எங்க வீட்டுல குடியிருந்த தையக்கார அம்மா மேல ஒரு தப்பும் இல்லீங்க. குருவி செத்தது என்னால" என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல. முதல் வீட்டில் அந்தம்மாவுக்கு விஷயமே மறந்துபோயிருந்தது. "எந்தக் குருவிங்க?" என்றார். முழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் சிரித்தார்கள். "ஒரு குருவிக்கா சார் இத்தனை?" என்றார்கள். குருவிக்கு இல்லை என்று சொன்னேன், சரியாகப் புரிந்ததா தெரியவில்லை.

மூன்றாவது வீட்டில்தான் எனக்கு மிகவும் கஷ்டமாகப் போனது. அந்தப் பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார். "உங்க எடத்துல வேற யாரா இருந்தாலும் வந்து சொல்ல மாட்டாங்க. அதுக்கு ஒரு மனசு வேணுமுங்க. பெரிய மனுசருங்க நீங்க" என்றார். உள்ளே பார்த்து, "அம்மிணி, சாருக்குக் காபி கொண்டா" என்றார். என் தப்பைச் சொல்லப் போய் அதிலும் எனக்கே மரியாதை கிடைத்துவிட்டது. வேலை இழந்து ஊர் மாறிப் போனவருக்கு அந்த வீட்டில் ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. "என்னை விடுங்க. அவங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, அதை மட்டும் நெனப்புல வச்சுக்குங்க" என்றேன். "அது சரீங்க, அது சரீங்க" என்றார். காபி வந்துவிட்டது. குடிக்காமல் எழுந்தால் தப்பாக நினைப்பார்கள். குடித்தேன்.

பட்டுத் துணி பற்றிக் கேட்ட அம்மா நான்காவது வீடு. அவர் மட்டும் முகம் வாடிப்போனார். "நான் பேசினது அந்தப் புள்ளைக்குச் சுருக்குன்னு பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தையல்கார அம்மிணியின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

இப்போது பெட்டி கிடையாது. காலையில் கூண்டைப் பால்கனி ஓரத்துக்கு நகர்த்தி வைக்கிறேன். எதிர்வீட்டு வேப்பமரத்தில் சின்னானும் மைனாவும் வருகின்றன. மகள் அனுப்பும் பதிவு ஏதாவது இருந்தால் முதலில் நான் தனியாக, முதலிலிருந்து கடைசி வரை கேட்கிறேன். பிறகு பத்து நிமிடம் போனிலிருந்து போடுகிறேன், கொண்டையைப் பார்த்துக்கொண்டே. கொண்டை ஒட்டிப்போய்ப் படுத்தால் உடனே நிறுத்திவிடுகிறேன். இதில் பெரிய அறிவு ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்தால் போதும்.

தெருவில் இன்னும் ஒரு வீடு பாக்கி. அந்த வீட்டம்மா ஓசூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். நேற்று மாலை வாசலில் விளக்கு எரிந்தது. இன்று போக வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் சட்டை மாற்றவில்லை.